சிறுவனுக்கு ஓர் அறை

சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு என் மகன் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பேரனுக்குக் கொடுத்தோம். அவனுக்கு வயது ஆறு. வீடு சயான் கிழக்கில் நான்காவது மாடி. இதைக் கேள்விப்பட்ட சங்க அன்பர்கள் இருவர் தங்கள் வீட்டிலும் அவ்வாறே செய்ய எண்ணி, என்ன வர்ணம் அடித்தீர்கள், எந்தக் கடையில் சாமான் வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். வர்ணம் கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் பார்க்கவேண்டியவை பல இருக்கின்றன. அவற்றை நின்றபடியே சொல்லி முடிக்க முடியாததால் எழுத உட்கார்ந்தேன்.

நான் அலங்கார நிபுணன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளிலேயே பெரும்பாலான காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் சிறிய இடத்தில் பல பேரைப் பத்திரமாக உட்காரவும் படுக்கவும் வைப்பதுதான் எங்கள் தொழில். அந்தக் கண்ணோடுதான் இந்த அறையையும் பார்த்தேன்.

மும்பையில் பையனுக்குத் தனி அறை என்பதே பெரிய சொல் என்று சிலர் முகம் சுளிக்கலாம். தாராவியிலும் கோலிவாடாவிலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் நம் குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் ஜன்னலும் ஓதமும் மின்சாரமும் எல்லா வீட்டிலும் உண்டு. சுவரில் இரண்டடி இடமும் எங்கும் கிடைக்கும். ஆகவே கூடத்தில் ஒரு மூலை மட்டுமே உள்ளவர்களும் இதில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

வெளிச்சக் கணக்கு

நாம் வாழும் இப்பகுதி காற்றையும் வெளிச்சத்தையும் முன்னிட்டு உருவான பகுதி. 1896ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்று புகாத சால்களில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். அதன் விளைவாக 1898ல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் நிலத்தைத் திருத்தி, அகலமான தெருக்களும் மனைகளும் வகுத்தது அந்த டிரஸ்ட்தான். அது வலியுறுத்திய கணக்கு ஒன்று உண்டு. அறுபத்து மூன்றரை டிகிரி விதி என்று அதற்குப் பெயர். ஜன்னல் உள்ள சுவரின் அடியிலிருந்து எதிர்க்கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால், அது தரையோடு செய்யும் கோணம் 63½ டிகிரிக்கு மேற்படக்கூடாது. பள்ளியில் படித்த முக்கோணவியல் நினைவிருப்பவர்களுக்கு, அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் ஏறக்குறைய 2 என்பது தெரிந்திருக்கும். அதாவது எதிர்க்கட்டடம் உங்கள் தளத்துக்கு மேல் 40 அடி எழும்பினால், இடையில் 20 அடியாவது வெட்டவெளி வேண்டும்.

1933ல் டிரஸ்ட் மாநகராட்சியோடு இணைந்தது. இப்போது நம்மைச் சுற்றி எழும் கோபுரங்களுக்கு விதிகள் வேறு. ஆனால் சூரியன் அந்தப் பழைய கணக்குப்படிதான் நடந்துகொள்கிறது. எங்கள் அறையின் தரைமட்டத்துக்கு மேல் எதிர்க்கட்டடம் 33 அடி இருக்கிறது, இடைவெளி 22 அடி. விகிதம் ஒன்றரை. தேறிவிட்டது என்று குறித்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் விகிதம் இரண்டுக்கு மேல் போனால் அது பகலிலும் விளக்கு வேண்டிய அறை. அங்கே வெள்ளை அல்லது மிக வெளிறிய மஞ்சளைத் தவிர வேறு வர்ணம் வேண்டாம். பையன் என்றாலே கருநீலம் என்று வர்ணக்கடை அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். கருநீலச் சுவர் வெளிச்சத்தை விழுங்கும். விழுங்கியதை மின்சாரக் கட்டணத்தில்தான் திரும்பப் பெற முடியும்.

பத்தடி அறையும் ரயில் பெட்டியும்

எங்கள் அறை பத்தடிக்கு ஒன்பதடி. இதைப் பார்த்து மருமகள், "மாமா, கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காதே" என்றாள். பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் தொழிற்சாலையின் பழைய மாதிரிப் பெட்டியின் வெளி அகலம் 3245 மி.மீ. நம் பத்தடி 3048 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த அகலத்துக்குள் ஒரு தடுப்பில் எட்டுப் பேர் படுக்கிறார்கள், நடைபாதையும் இருக்கிறது, மூட்டைகளும் இருக்கின்றன. அவ்வளவும் கொள்வதற்குக் காரணம், பகலில் வேண்டாதது மடங்கிக்கொள்வதும், படுக்கைக்கு அடியிலுள்ள இடம் வீணாகாததும், நடுவில் ஒன்றும் நிற்காததும்தான்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கிராப் தாளில் 20க்கு 1 என்ற அளவில் அறையை வரையுங்கள். பத்தடி என்பது 152 மி.மீ. ஆகும். கதவு திறக்கும் வட்டத்தையும் ஜன்னல் கதவு திறக்கும் வட்டத்தையும் வரையுங்கள். பிறகு கட்டில், மேஜை, அலமாரி இவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டி நகர்த்திப் பாருங்கள. இதைச் செய்யாமல் வாங்கிய அலமாரிகளின் கதவு கட்டிலில் இடித்துப் பாதி திறந்து நிற்பதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். எங்கள் அட்டை விளையாட்டில் பேரன்தான் அதிக உற்சாகம் காட்டினான். கட்டிலைக் கதவுக்குக் குறுக்கே வைத்து, "இனி அம்மா உள்ளே வரமுடியாது" என்றான்.

மோட்டார் கார் வடிவத்தில் கட்டில்கள் விற்கிறார்கள். நம் பையன்களுக்கு அதைக் கண்டதும் ஆசை வருவது இயற்கை. என் பேரன் ஜே.சி.பி. இயந்திர வடிவத்தில் ஒன்று கேட்டான். நம் தெருக்களில் இடித்துக் கட்டும் வேலை ஓயாமல் நடப்பதால் அவன் கண்ட மகா வாகனம் அதுதான். இவ்வகைக் கட்டில் பெரும்பாலும் நீளம் குறைவு, விலை அதிகம். பத்து வயதில் கால் வெளியே வரும், அதற்கு முன்பே ஆசை போயிருக்கும். ஆறே கால் அடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள சாதாரணக் கட்டிலை, அடியில் இரண்டு இழுப்பறையோடு, தச்சரிடம் செய்யச் சொன்னோம். ஜே.சி.பி.யை ஒரு ஒட்டுப்பலகையில் வரைந்து வெட்டி, கட்டிலின் தலைமாட்டில் இரண்டு திருகாணியில் மாட்டினேன். ஆசை மாறும்போது திருகாணியைக் கழற்றினால் போதும். கட்டில் அவன் கல்லூரி போகும்வரை இருக்கும்.

அடுக்குக் கட்டில் பற்றி ஒரு கணக்கு. கூரை ஒன்பதரை அடி, மின்விசிறியின் இறக்கை எட்டரை அடியில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் படுக்கை ஐந்தரை அடியில் இருந்தால், அதன்மேல் எழுந்து நிற்கும் ஆறு வயதுப் பையனின் தலை ஒன்பதேகால் அடியில் இருக்கும். மேலே எழுதவேண்டியதில்லை. அடுக்குக் கட்டில்தான் வேண்டுமென்றால் கூரை விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி வையுங்கள்.

ஓதம்

இந்த ஊரில் சுவரைக் கெடுப்பது மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் சாரல் மேற்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும்தான் முட்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பதிவான மழையை மறந்தவர் இங்கே யாருமில்லை. ஆனால் வீட்டுக்குள் சேதம் செய்வது அத்தகைய ஒருநாள் மழை அல்ல, நாலு மாதம் நின்று பெய்யும் சாதாரண மழைதான். பையன் இருமுகிறான், மூக்கு ஒழுகுகிறது என்று மருந்து வாங்குவார்கள். அவன் தலைமாட்டுச் சுவரில் பூசணம் கருப்பாகப் படர்ந்திருப்பதைப் படம் ஒட்டி மறைத்திருப்பார்கள்.

சுவரில் தெரியும் ஈரம் வெளியிலிருந்து ஊறுகிறதா, அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம் படிகிறதா என்று முதலில் தெரியவேண்டும். ஒரு அடிச் சதுரமான கெட்டிப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் செய்தால் குறையும். முதல் வகைக்கு வெளிச்சுவரின் விரிசலை அடைக்கவேண்டும், குழாய்க் கசிவைப் பார்க்கவேண்டும். அதைச் செய்யாமல் உள்ளே பட்டி பூசி வர்ணம் அடிப்பது அடுத்த ஆகஸ்டில் உரிந்து விழுவதற்குத்தான். வெளிச்சுவரின் உட்புறம் அலங்காரத் தாள் ஒட்டவே ஒட்டாதீர்கள். தாளுக்குப் பின்னால் பூசணம் சௌகரியமாகக் குடியிருக்கும்.

வர்ண வேலையைத் தீபாவளிக்குப் பிறகு, சுவர் நன்றாகக் காய்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடமானால் இன்னொரு எச்சரிக்கை. முன்காலத்து எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. வீட்டு வர்ணத்தில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016ல் விதி செய்தது, 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. புதிய டப்பாவில் அந்த விவரம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஆனால் உங்கள் ஜன்னல் சட்டத்திலும் கதவிலும் நாற்பது வருஷமாக ஏறிய பழைய வர்ணம் என்ன ஆவது? வேலையாள் அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூள் வீடெங்கும் பறக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டச் சொல்லுங்கள். பையனை இரண்டு மூன்று நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். பிறகு ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்கவேண்டாம்.

ஜன்னல்

இது இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

எங்கள் கட்டடத்திலேயே மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது. தள்ளுக் கண்ணாடி ஜன்னல், அதில் கொசுவலை போட்ட சட்டம். ஐந்து வயதுப் பையன் கட்டில்மேல் ஏறி, கீழே வந்த ஐஸ்கிரீம் வண்டியைப் பார்க்க வலையில் சாய்ந்தான். வலை சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு கீழே காம்பவுண்டில் விழுந்தது. பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அவன் தாய் சட்டையைப் பிடித்துவிட்டாள். அந்தச் சட்டையின் தையல் கெட்டியாக இருந்தது. அன்று மாலை நான் ரசமட்டத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு எங்கள் மாடியின் ஜன்னல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கொசுவலை கொசுவைத்தான் தடுக்கும். பெரியவர்கள் மனத்தில், ஏதோ ஒன்று மூடியிருக்கிறதே என்ற நிம்மதியை அது தந்துவிடுகிறது. அதனால்தான் அது வெறும் திறப்பைவிட ஆபத்து. கம்பி வேண்டும். அந்தக் கம்பி நெட்டுவாட்டில் இருக்கவேண்டும், கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 100 மி.மீ., அதாவது நாலு அங்குலத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும். உடம்பு நுழையும் இடைவெளியில் தலை மாட்டிக்கொள்ளும் விபத்தும் உண்டு. ரயில் பெட்டி ஜன்னலில் கம்பி படுக்கைவாட்டில் இருப்பதைப் பார்த்து வீட்டிலும் அப்படியே அழகாகப் போடச் சொல்கிறார்கள். வீட்டு ஜன்னலில் படுக்கைக் கம்பி என்பது ஏணி.

நியூயார்க் நகரத்தில் 1970களின் தொடக்கத்தில் இதே பிரச்னை இருந்தது. ஏழைகள் வாழும் அடுக்குமாடிகளிலிருந்து குழந்தைகள் விழுந்து இறந்தார்கள். நகரச் சுகாதாரத் துறை 1972ல் "குழந்தைகளால் பறக்க முடியாது" என்ற பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் தொடங்கி, வீடு வீடாகச் சென்று எடுத்துச் சொல்லி, ஜன்னல் தடுப்புகளையும் கொடுத்தது. 1976ல் சட்டமே வந்தது. பத்து வயதும் அதற்குக் குறைவுமான குழந்தை இருக்கும் வீட்டில் கட்டடச் சொந்தக்காரர் ஜன்னல் தடுப்பு போட்டே ஆகவேண்டும். விழும் குழந்தைகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. இங்கே நமக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆகவே நாமேதான் செய்துகொள்ளவேண்டும்.

நம் ஊரில் ஜன்னலுக்கு வெளியே பெட்டி மாதிரிக் கம்பிக்கூண்டு வைத்து, அதில் துளசித் தொட்டியும் பழைய வாளியும் அடுக்குகிறோம். அதில் பையனை உட்கார்ந்து விளையாட விடுவதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கூண்டைத் தாங்குவது துருப்பிடித்த நாலு போல்ட். எங்கள் பட்டறையில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சோதனைத் தேதி உண்டு. உங்கள் கூண்டை யார் எப்போது சோதித்தார்கள்?

மறுபக்கமும் உண்டு. தீ பிடித்தால் கூண்டு சிறையாகிவிடும். ஆகவே கம்பியில் ஒரு பகுதி கீலில் திறக்கும்படி இருக்கவேண்டும். அதற்குப் பூட்டு, பூட்டின் சாவி அந்த அறையிலேயே பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணியில். சாவி எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

கம்பி போட்டபிறகும் கட்டிலை ஜன்னலுக்கு அடியில் போடக்கூடாது. மேஜையும் நாற்காலியும் பொம்மைப் பெட்டியும் அவ்வாறே. தரையிலிருந்து ஜன்னல் விளிம்பு மூன்றடி என்றால், ஒன்றரை அடிக் கட்டிலில் நிற்கும் பையனுக்கு அது ஒன்றரை அடிதான். "காற்று வருமே மாமா" என்று மருமகள் கேட்டாள். காற்று அறை முழுதும் வரும். கட்டில் எதிர்ச்சுவரில் போயிற்று.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே மூடி உள்ள பிளக் பாயிண்ட், வீட்டுக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான், பழைய ஒயரை முழுவதுமாக மாற்றுவது ஆகிய மூன்றும் வர்ணத்துக்கு முன்பே முடியவேண்டும். சாமானுக்கு லோஹார் சாலுக்குப் போனால் விலை குறையும், ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்காமல் வாங்காதீர்கள்.

அலமாரியையும் புத்தகத் தட்டையும் சுவரோடு இரும்புப் பட்டையால் திருகிவிடுங்கள். பையன்கள் இழுப்பறைகளைப் படிக்கட்டாக நினைத்து ஏறுவார்கள், அலமாரி மேலே சாயும். 2016ல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் இக்காரணத்துக்காக ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. நமக்கு வேண்டியது இரண்டு பட்டை, நாலு திருகாணி, அரைமணி நேரம்.

அலங்காரம்

இவ்வளவும் முடிந்தபோது மகன் ஒதுக்கிய பணத்தில் முக்கால் பங்கு செலவாகிவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வீட்டில் முணுமுணுப்பு. அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. சுவருக்குள் இருப்பதை மறுபடி தொட முடியாது, சுவர்மேல் இருப்பதை வருஷா வருஷம் மாற்றலாம். ஆகவே அலங்காரத்துக்குச் செலவு குறைவாக இருப்பதே நல்லது.

முதலில் உயரம். ஆறு வயதுப் பையனின் கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கிறது. நாமோ நம் கண்ணுக்கு நேராக ஐந்தடியில் படம் மாட்டுகிறோம். அவனுக்குத் தெரிவது சட்டத்தின் அடிப்பாகம்தான். துணி மாட்டும் கொக்கி, புத்தகத் தட்டு, கண்ணாடி எல்லாம் அவன் கைக்கு எட்டுமாறு இறக்கினோம். அதன்பிறகு பள்ளிச் சட்டை தரையில் கிடப்பது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்.

கீழே விரிக்க, கடையில் காட்டிய ரப்பர் நுரை விரிப்பு வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். ஊரிலிருந்து வந்த பவானி ஜமுக்காளம் ஒன்று பரணில் இருந்தது. விரித்தால் விளையாடலாம், மடித்தால் இடம் பிடிக்காது, நனைந்தால் காயும். கோடுகள் நேராக இருப்பதால் பேரன் அவற்றைத் தண்டவாளம் என்கிறான்.

கதவின் பின்னால் உயரம் அளக்கும் பட்டை ஒன்று செய்தேன். ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்டு விற்பதை வாங்கவில்லை. ஆறடி மரச்சட்டத்தில் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு, நாலு இடத்தில் சிவப்புக் கோடு. 610 மி.மீ.யில் மாத்தேரான் மலை ரயில். 762ல் கால்கா சிம்லா. 1000ல் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் நீலகிரி ரயில். 1676ல் நம் வாசலில் ஓடும் அகலப்பாதை. இவை அந்தந்தப் பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரம். பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் குழந்தை மாத்தேரானை எட்டுகிறது, ஒரு வயதுவாக்கில் சிம்லா, நாலு வயதில் ஊட்டி. பேரன் இப்போது 1150. மீட்டர் கேஜைத் தாண்டிவிட்டான். ரயில்வேயில் 1992ல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்துக்கே பல பத்தாண்டுகள் ஆகின்றன, இவனுடைய கேஜ் மாற்றம் அதற்கு முன் முடிந்துவிடும் என்று மகன் கேலி செய்தான்.

கடைசியாக, கட்டிலுக்கு எதிர்ச்சுவர். அங்கே கார்ட்டூன் தாள் ஒட்டவேண்டும் என்று மருமகளுக்கு விருப்பம். தமிழ் எழுத்து அட்டவணை மாட்டவேண்டும் என்று என் மனைவிக்கு விருப்பம். பேரன் படிப்பது ஆங்கிலப் பள்ளியில். மராட்டி கட்டாயப் பாடம், ஹிந்தியும் உண்டு. தமிழுக்கு அங்கே இடமில்லை. வீட்டில் பேசுவான், கேட்டதற்குப் பதில் சொல்வான். எழுத்து தெரியாது. 247 எழுத்து அட்டவணையை அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிவிடுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழக்கமில்லாத ஒலிக்குப் பழக்கமில்லாத வடிவம் என்றால் பெரியவர்களே ஓடிவிடுவோம்.

அவனுக்கு நன்றாகப் பழக்கமான பெயர்கள் எவை என்று யோசித்தேன். வண்டியில் அறிவிப்புக் கேட்டுக் கேட்டு, ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பான். மூன்று மொழிகளில் அப்பெயர்களைப் பலகைகளில் பார்த்திருக்கிறான். தமிழில் மட்டும்தான் பார்த்ததில்லை. ஆகவே ஒன்பதடி நீளத்துக்கு ஆறு அங்குல அகலத்தில் ஹார்டுபோர்டு பட்டை ஒன்று தயாரித்து, மூன்றரை அடி உயரத்தில் சுவர் நீளத்துக்கும் பொருத்தினேன். அதில் இரண்டு தண்டவாளக் கோடு, கோட்டுக்கு மேல் மத்திய ரயில்வேயின் மெதுவண்டி நிற்கும் ஸ்டேஷன்கள். சி.எஸ்.எம்.டி., மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பைகுல்லா, சிஞ்ச்போக்லி, கரி ரோடு, பரேல், தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா, வித்யாவிஹார், காட்கோபர், விக்ரோளி, காஞ்சூர்மார்க், பாண்டுப், நாஹூர், முலுண்ட், தாணே. எழுத்துகளை என் மனைவி எழுதினாள். கோலம் போட்டுப் பழகிய கை, ஒவ்வொரு எழுத்தும் அச்சு மாதிரி வந்தது.

பட்டையில் இடம் பிரிக்கும்போதுதான் ஒன்று கவனித்தேன். மொத்தம் 19 ஸ்டேஷன். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து எண்ணினாலும் சயான் பத்தாவது, தாணேயிலிருந்து எண்ணினாலும் பத்தாவது. சரியாக நடுவில், கட்டிலுக்கு நேர் எதிரே, நம் ஊர் பெயர். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடிய நாட்டின் முதல் பயணி வண்டி, வழியில் தண்ணீர் பிடிக்க நின்ற இடமும் சயான்தான். அதைச் சொன்னதிலிருந்து அவன் தினமும் மரவண்டியை அந்தப் பட்டைமேல் ஓட்டி, சயானில் நிறுத்தித் தண்ணீர் பிடிக்கிறான்.

முதல் வாரம் படமாகத்தான் பார்த்தான். இரண்டாம் வாரம் "சயான்" என்பதில் உள்ள "ன்" ஏன் மற்றப் பெயர்களில் இல்லை என்று கேட்டான். பிறகு "ர்" எங்கெங்கே வருகிறது என்று எண்ணினான். தாதர், குர்லா, காட்கோபர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். ஒருநாள் பெரிய சந்தேகத்தோடு வந்தான். "தாத்தா, தாதருக்கும் தாணேக்கும் ஒரே எழுத்துப் போட்டிருக்கிறாளே பாட்டி, சத்தம் வேறயாச்சே?" பைகுல்லாவுக்கும் பரேலுக்கும் பாண்டுப்புக்கும் ஒரே "ப" ஏன் என்றும் கேட்டான். பள்ளியில் மராட்டி எழுத்துப் படிக்கும் பையன் கேட்கவேண்டிய கேள்விதான். தமிழில் எழுத்து குறைவு, இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும், "பட்டம்" என்பதில் ஒரு ப, "தம்பி" என்பதில் வேறு ப, இரண்டையும் நீ யோசிக்காமலே சரியாகச் சொல்கிறாயே என்றேன். ஆனால் வெளியூர்ப் பெயர்களுக்கு அந்த ஒழுங்கு பொருந்தாது, அவற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். மஸ்ஜித், நாஹூர் பெயர்களால் ஸ, ஜ, ஹ என்ற கிரந்த எழுத்துகளும் வந்து சேர்ந்தன. மூன்று மாதத்தில் பட்டையிலுள்ள எழுத்துகளை எல்லாம் இடம் மாற்றி எழுதினாலும் படிக்கிறான். ஙகரமும் ஞகரமும் எங்கே என்று கேட்பவர்களுக்கு, மாட்டுங்காவிலும் சிஞ்ச்போக்லியிலும் காஞ்சூர்மார்க்கிலும் இருக்கின்றன.

செம்பூரில் இருப்பவர்கள் தங்கள் வழித்தடத்தை எழுதலாம். ரயிலில் நாட்டமில்லாத பையனுக்குக் கிரிக்கெட் வீரர் பெயர்களை எழுதுங்கள். அவனுக்கு முன்பே மனப்பாடமான பெயராக இருப்பதுதான் முக்கியம்.

பட்டையைச் சுவரில் ஒட்டக்கூடாது. ஒன்றரை அங்குலத் திருகாணி ஆறு, சுவருக்குள் பிளாஸ்டிக் அடைப்பான், பட்டைக்கும் சுவருக்கும் இடையே அரை அங்குல மரத்துண்டு வைத்துக் காற்றுப் போக இடம் விடவேண்டும். எங்கள் கட்டடமும் இன்றோ நாளையோ மறுகட்டுமானத்துக்குப் போகும். அப்போது ஆறு திருகாணியைக் கழற்றினால் சயானும் குர்லாவும் லாரியில் ஏறிவிடும். பேரனிடம் இதைச் சொன்னபோது அவன் கவலை வேறாக இருந்தது. கீழே இன்னொரு பட்டையில் ஹார்பர் லைனும் வேண்டுமாம். மரம் அறுத்துவிட்டேன். குரு தேக் பகதூர் நகர் என்ற பெயருக்கு மட்டும் இடம் போதவில்லை, பாட்டி எழுத்தைச் சிறிதாக்க மறுக்கிறாள்.